மூன்றடிக் கிடங்கும் முப்பத்தோராம் நாள் புத்தகமும்

நெடுந்தீவில் தென்னம்பிள்ளை வைக்க விரும்புகிறவருக்குத் துண்டுப்பிரசுரம் முதலில் சொல்வது கிடங்கின் அளவை: நீளம் மூன்று அடி, அகலம் மூன்று அடி, ஆழம் மூன்று அடி. அடியில் பொச்சை வரிசையாக அடுக்கி, அதன்மேல் மேல்மண்ணும் எருவும் கலந்து நிரப்ப வேண்டும். பிழையான அறிவுரை அல்ல. குருநாகலிலும் சிலாபத்திலும் இப்படிக் கிடங்கு வெட்டித்தான் தோட்டங்கள் எழுந்தன. நெடுந்தீவிலோ பல காணிகளில் மண்வெட்டி ஒரு சாண் இறங்குமுன்னரே முருகைக் கல்லில் மோதி நிற்கும். அந்தக் கல்லைக் கிளப்பித்தான் தீவு முழுவதும் மதில் அடுக்கியிருக்கிறார்கள். சுண்ணாம்பும் இல்லை, சீமெந்தும் இல்லை, கல்லின்மேல் கல். வருகிறவர்கள் அந்த மதில்களைப் படம் எடுத்துப் போகிறார்கள். அது ஒரு கமக்காரனின் முதுகுவலி என்பது படத்தில் விழுவதில்லை.

இந்தப் பிரசுரத்தைப் பற்றி அங்கே ஒரு பெரியவரிடம் கதை கொடுத்தேன்.

"மூண்டடி எண்டு எழுதின ஆள் இஞ்சை வந்து ஒருக்கா அலவாங்கு பிடிச்சுப் பாக்கவேணும், தம்பி" என்றார்.

"அப்ப நீங்கள் என்ன செய்தனீங்கள், ஐயா?"

"கல்லு எங்கை வெடிச்சிருக்கெண்டு பாத்து அதிலை வைச்சன். வேர் தன்ரபாட்டிலை வழி தேடிப் போகும். ஆனா பொச்சு அடுக்கிற விசயம் நல்ல விசயம். அது எனக்குத் தெரியாது. அதை மட்டும் எடுத்தன்."

செய்முறை நூல்கள் வாசகரின் எதிர்பார்ப்பை நிறைவேற்றுகின்றனவா என்ற கேள்விக்கு இதைவிடக் கச்சிதமான விடையை நான் கேட்டதில்லை. மூன்றடி பொய்த்தது, பொச்சு பலித்தது. அவர் பிரசுரத்தை எறியவும் இல்லை, நம்பவும் இல்லை. கல்லைப் பற்றி அவருக்கு முன்பே தெரியும்; தெரியாதிருந்தால் பக்கத்துக் காணிக்காரர் மதிலுக்கு மேலாலே எட்டிச் சொல்லியிருப்பார். அதே பிரசுரத்தை யாரும் பக்கத்தில் இல்லாத ஒருவர் வாசித்திருந்தால் இரண்டு நாள் கல்லுடைத்துவிட்டுத் தென்னையே வேண்டாமென்று போயிருப்பார். ஆக, ஒரு நூல் வாசகரைத் திருப்திப்படுத்துகிறதா என்பது நூலையும் வாசகரையும் மட்டும் பொறுத்ததல்ல. வாசகருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. நமது பழைய நூல்கள் இதை அறிந்து எழுதப்பட்டவை. புதிய நூல்களில் பெரும்பாலானவை இதை மறந்து எழுதப்பட்டவை.

செய்முறை நூல் யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. ஆரியச்சக்கரவர்த்திகளின் பெயர்களைத் தாங்கிய செகராசசேகரமும் பரராசசேகரமும் வைத்தியம் சொல்லும் நூல்கள். பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் ஏடுகளிலிருந்து பகுதி பகுதியாக அச்சேற்றினார். அதைக் கையில் எடுக்கும் இன்றைய வாசகர் ஏமாந்துபோவார். மருந்துச் சரக்குகள் பாட்டில் வரிசையாக இருக்கும், நிறை இருக்கும், எந்த நோய்க்கு என்பதும் இருக்கும். எப்படிக் காய்ச்சுவது என்று பார்த்தால் 'பதமாய்' என்பதோடு பாட்டு முடிந்துவிடும்.

அந்தப் பதம் என்ன என்பதில்தான் தொழிலே இருக்கிறது. எண்ணெய் காய்ச்சும்போது சட்டியின் அடியில் தங்கும் கற்கத்தைக் கொஞ்சம் எடுத்து விரலில் உருட்டிப் பார்ப்பார்கள். மெழுகாகத் திரண்டால் மெழுகுபதம். இன்னும் விட்டால் மணற்பதம், விரலிடையே நறநறக்கும். குடிக்கக் கொடுக்கும் எண்ணெய்க்கு ஒரு பதம், தலைக்கு வைப்பதற்கு இன்னொரு பதம். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக அதிக நேரம் எடுக்காது. பனைமட்டை எரியும் அடுப்பா, விறகு எரியும் அடுப்பா என்பதைப் பொறுத்தும் மாறும். இதைப் பாட்டில் எழுதி என்ன செய்வது? பரிகாரியார் மகனைச் சட்டிக்குப் பக்கத்தில் இருத்தி விரலை நீட்டச் சொல்வார். பாட்டு, பக்கத்தில் இருந்து பழகியவன் சரக்கு மறக்காமல் இருப்பதற்கு. பழகாதவனுக்கு அது கதவைத் திறப்பதில்லை. தொழில் வெளியே போய்விடக்கூடாது என்ற எண்ணமும் அதில் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பரிபாஷை என்று ஒரு மறைமொழியே வைத்திருந்தவர்கள் அவர்கள்.

கப்பல் சாத்திரம் இன்னும் நல்ல உதாரணம். 1950இல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் அதை வெளியிட்டது. பெயரைக் கேட்டு ஊர்காவற்றுறைக்காரர் எவரும் நிமிர்ந்து உட்காருவார். போர்த்துக்கேயர் காலம் முதல் யானைகளை ஏற்றி அனுப்பிய துறை அது. அந்தக் கரையில் வத்தையும் தோணியும் கட்டிய, பழுதுபார்த்த கைகள் தலைமுறை தலைமுறையாக இருந்தன. ஆனால் நூலைத் திறந்தால் அளவுகள் சில உண்டு, அதைவிட நாளும் கோளும் குறியும் அதிகம். ஏரா வைக்க எந்த நாள் நல்லது, மரத்தில் கண் எந்த இடத்தில் விழுந்தால் என்ன பலன் என்று போகும். பலகையை எப்படி வளைப்பது, பொருத்தில் தண்ணீர் புகாமல் எப்படி அடைப்பது என்று தேடுகிறவருக்குப் பதில் குறைவு. ஆராய்ச்சியாளர்களுக்கு இதில் ஏமாற்றம். ஓடாவிமாருக்கு ஏமாற்றம் இருந்திருக்காது. பலகை வளைப்பது அவர்களுக்குக் கைத்தெரியும், நாள்தான் தெரியாது. தெரியாததை நூலில் எழுதி, தெரிந்ததை விட்டுவிட்டார்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றபோது அதைக் கட்டிய மேத்திரிமாரை வழிநடத்தியது அச்சிட்ட கையேடு எதுவும் அல்ல.

இந்த ஏற்பாட்டை முதலில் குலைத்தவர், என் பார்வையில், டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் வைத்தியம் பார்த்த அமெரிக்க மிசனரி. தமிழிலேயே வைத்தியம் படிப்பிக்க வேண்டும் என்று தீர்மானித்து, மாணவர்களை மொழிபெயர்க்க வைத்து, வரிவரியாகத் திருத்தி அச்சுக்குக் கொடுத்தார். 1852இல் அங்காதிபாத நூல், 1857இல் பிரசவ வைத்தியம், 1867இல் இரண வைத்தியம், 1872இல் கிறேயின் உடற்கூற்று நூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதம், 1875இல் கெமிஸ்தம். பாட்டு இல்லை, பரிபாஷை இல்லை, படங்கள் உண்டு, பெரும்பாலும் வெறும் உரைநடை. குரு சொல்லிக்கொடுத்ததை நினைவூட்டும் ஏற்பாடாக இருந்த நூலை, குருவின் வாயில் இருந்ததையும் சேர்த்துத் தன்னுள் வைத்திருக்க வேண்டிய ஒன்றாக அவர் மாற்றினார். இது சின்ன மாற்றம் அல்ல. 'புத்தகத்தைப் பார்த்துச் செய்யலாம்' என்ற எதிர்பார்ப்பு நம்மிடையே வேர்விட்டதில் கிறீனின் நூல்களுக்கும் பங்கு உண்டு.

அந்த நூல்கள் எதிர்பார்ப்பை நிறைவேற்றினவா? மானிப்பாயில் படித்தவர்களுக்கு நிறைவேற்றின. அவர்களுக்குக் கிறீன் பக்கத்தில் நின்றார், நோயாளி எதிரே கட்டிலில் கிடந்தார், நூல் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. கடல் கடந்து தீவுக்குப் போனால் கணக்கு வேறு. பிரசவ வைத்தியம் வெளிவந்த காலத்தில் அனலைதீவிலோ எழுவைதீவிலோ பிள்ளைப்பேறு பார்த்தவள் மருத்துவிச்சி. பெரும்பாலும் எழுத்தறியாதவள். அந்த நூலில் அவளுக்குத் தேவையானது நிறைய இருந்தது. நூலுக்குத் தேவையானது அவளிடம் அதைவிட நிறைய இருந்தது. இரண்டும் சந்திக்க வழி இருக்கவில்லை. வாசகரின் எதிர்பார்ப்பு என்று பேசும்போது வாசகராகவே ஆகமுடியாமல் போனவர்களை நாம் எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. கிறீன் 1873இல் நாடு திரும்பினார், 1884இல் மறைந்தார். பிறகு வைத்தியப் படிப்பு ஆங்கிலத்துக்குப் போனது, அவருடைய நூல்கள் நூலக அலுமாரிக்குப் போயின. இன்று அவற்றை எடுப்பவர்கள் சொல்லாக்க ஆராய்ச்சிக்காரர்கள். குழந்தை பெறுவிக்க எழுதிய நூல் பட்டம் பெறுவிக்கிறது. அதுவும் ஒரு பயன்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை.

நூலில்லாமல் செய்முறை எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை என் தலைமுறை தொண்ணூறுகளில் பார்த்தது. தீவுகள் இராணுவத்தின் கையில் போய், சனம் பெரும்பாலும் இடம்பெயர்ந்து குடாநாட்டுக்குள் வந்திருந்த காலம். பொருளாதாரத் தடை. பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை, சவர்க்காரம் கனவு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து அதில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி மூடியில் திரி செருகிய விளக்கை எந்தப் புத்தகம் சொல்லித்தந்தது? சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்பதையும், இரண்டு சொட்டுப் பெற்றோலில் மோட்டார்சைக்கிளைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவதையும், பனம்பழக் களியால் உடுப்புத் தோய்ப்பதையும் யாரும் எழுதிப் படிக்கவில்லை. அப்போது பத்திரிகையே கோடுபோட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் வந்தது. ஒரு வீட்டில் சரிவந்தது மறுநாள் ஒழுங்கை முழுக்கத் தெரியும், சரிவராததும் தெரியும். அச்சிட்ட செய்முறை நூல் சொல்லாமல் விடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான். 'இப்படிச் செய்து நாலு பேருக்கு வரவில்லை' என்று எழுதிய செய்முறை நூல் ஒன்றை யாராவது காட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

பக்கத்தில் ஆள் வேண்டியதில்லை, புத்தகமே போதும் என்று துணிந்து வாக்குக் கொடுத்தவை தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த சுயமுன்னேற்ற நூல்கள். தொண்டிக்காரரான எம்.ஆர்.எம். அப்துற்-றஹீமின் 'வாழ்க்கையில் வெற்றி' முதல் எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' வரை எங்கள் வாசிகசாலைகளில் நைந்துபோன புத்தகங்கள் இவை. நாவல்களைவிட இவற்றின் முதுகு சீக்கிரம் கழன்றுவிடும். தமிழ்வாணனின் மணிமேகலைப் பிரசுரம் எதை எப்படிச் செய்வது என்பதற்கெல்லாம் ஒரு புத்தகம் வைத்திருந்தது. சோப்புச் செய்வது, கடிதம் எழுதுவது, பேச்சாளர் ஆவது. இந்த வகையை ஏளனம் செய்வது சிறுபத்திரிகைக்காரருக்குப் பழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கல்வியும் தொடர்பும் குறைந்த ஒரு தீவில் இருக்கும் இருபது வயதுக்காரனிடம், 'உன்னால் முடியும், முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய்' என்று மரியாதையாகப் பேசிய குரல்கள் அதிகம் இருக்கவில்லை. அவனுடைய எதிர்பார்ப்பு சோப்பு அல்ல. அவனை ஒருவர் பொருட்படுத்தி எழுதியிருக்கிறார் என்பது. அந்த அளவில் அந்த நூல்கள் ஏமாற்றவில்லை. சோப்பு நுரைக்காதது வேறு விசயம்.

முப்பது நாளில் ஆங்கிலம் பேசவைக்கும் புத்தகங்களை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பேசுவதற்கு எதிரே ஆள் வேண்டிய ஒரே வித்தையை, ஆள் இல்லாமல் கற்றுத் தருவதாகச் சொன்னவை அவை. பத்தாம் நாளுக்குப் பிந்திய பக்கங்கள் எல்லாப் பிரதிகளிலும் புதுக்கருக்குக் கலையாமல் இருக்கும்.

மணிமேகலை என்ற பெயர் வந்ததால் ஒன்று சொல்லவேண்டும். நயினாதீவைத்தான் மணிபல்லவம் என்று கொள்வோர் பலர், மறுப்போரும் உண்டு. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. காப்பியத்தில் மணிபல்லவத் தீவில் தீவதிலகை அமுதசுரபியைப் பற்றி மணிமேகலைக்குச் சொல்கிறாள்: எந்த நாளில் பாத்திரம் பொய்கையில் தோன்றும், அது யாருடையது, எடுக்க எடுக்க ஏன் குறையாது. பாத்திரம் கைக்கு வருகிறது, விளக்கமும் வருகிறது. ஆனால் ஊருக்குத் திரும்பியதும் முதல் பிச்சையை எந்த வீட்டில் ஏற்பது என்ற கேள்வி நிற்கிறது. ஆதிரையின் வாசலைக் காட்டுகிறவள் காயசண்டிகை, ஓயாப் பசியோடு தெருவில் திரிந்த பெண். தெய்வமே தந்த கையேட்டிலும் கடைசிப் பக்கத்தை அக்கம்பக்கத்தவர்தான் நிரப்பியிருக்கிறார்கள். சாத்தனார் இதை வேண்டுமென்றே செய்தாரா தெரியாது; எனக்கு இந்த இடம் பிடிக்கும்.

இன்று தீவுகளில் உண்மையாகவே விற்பனையாகும் அபுனைவு நூல் எது என்று புத்தகக் கடைக்காரரைக் கேட்டால் தயங்காமல் சொல்வார்: புலமைப்பரிசில் வழிகாட்டி, கடந்தகால வினாத்தாள் தொகுப்பு. ஆசிரியர் தட்டுப்பாடு உள்ள பாடசாலைகளில் வழிகாட்டியே ஆசிரியர். இவை சொன்னதைச் செய்கின்றன. புள்ளி என்று எதிர்பார்த்தால் புள்ளி கிடைக்கிறது. இதற்குமேல் இவற்றைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. நெடுந்தீவுக்கான சுற்றுலாக் கையேடுகளும் அப்படித்தான்: குதிரை, பெருக்கு மரம், கோட்டை, புறாக்கூடு எல்லாம் சொன்ன இடத்தில் இருக்கும். சோளகம் பெயர்ந்து கடல் கொந்தளிக்கும் நாளில் குறிகட்டுவானிலிருந்து படகு வெளிக்கிடுமா என்பது மட்டும் இருக்காது. அதற்கு இறங்குதுறையில் தேத்தண்ணிக் கடைக்காரரைக் கேட்க வேண்டும்.

சமையல் நூலுக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம். தமிழ்ச் சமையல் நூல்களில் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. தாய்வீட்டை விட்டுத் தனிக்குடித்தனம் போகும் பெண் தனியாக நிற்பாள் என்பதைக் கண்டுகொண்ட நூல் அது. அளவும் நேரமும் விட்டுப்போகாமல் சொல்லும். எங்களுடைய கூழ் அந்த முறைக்குள் அடங்க மறுக்கிறது. ஒடியல் கூழுக்கான செய்முறையை எந்தப் புத்தகத்தில் பார்த்தாலும் நண்டு, இறால், கணவாய், மீன்தலை, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, செத்தல் மிளகாய், பழப்புளி என்று வரிசை ஒழுங்காக இருக்கும். ஒடியல் மா இத்தனை கிராம், ஊறவைத்துக் கயர்ப்பு நீக்கவும் என்று ஒரு வரி. எவ்வளவு நேரம் ஊறவேண்டும், எத்தனை தரம் தண்ணீர் மாற்றவேண்டும் என்பது அந்தக் கிழங்கையும், மா எவ்வளவு பழையது என்பதையும், எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பதையும் பொறுத்தது. நாக்கில் தொட்டுப் பார்த்து, இன்னொரு தண்ணீர் விடலாமா என்று தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானம் பிழைத்தால் நண்டும் இறாலும் சேர்ந்தாலும் கூழைக் காப்பாற்றாது.

புங்குடுதீவிலும் வேலணையிலும் இருக்கிறவர்களுக்கு இந்த நூல்கள் தேவைப்படுவதில்லை. வாங்குகிறவர்கள் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் இருக்கிறார்கள். கடையில் பொதிசெய்த மா, உறைந்த நண்டு, குழாய்த் தண்ணீர். கூழ் வருகிறதோ இல்லையோ, அந்தப் பக்கத்தை வாசித்தாலே வாயூறும் என்பதால் ஒரு பகுதியினர் வாங்குகிறார்கள். சமைக்கவே வாங்கியவர்கள் நடுவில் கைபேசியை எடுக்கிறார்கள். "அம்மா, புத்தகத்திலை அரை மணித்தியாலம் எண்டு கிடக்கு" என்றால் மறுமுனையில் புத்தகத்தைப் பற்றி ஒரு பேச்சும் இருக்காது. "மா என்ன நிறத்திலை கிடக்கு, பிள்ளை?" என்றுதான் கேள்வி வரும். இப்போது காணொளிகள் வந்துவிட்டன. கையின் அசைவு தெரிகிறது, கொதி தெரிகிறது. நாக்கில் தொட்டால் என்ன சுவை என்பது அதிலும் தெரிவதில்லை.

யாரும் எதையும் எதிர்பார்க்காமலே கையில் வாங்கும் செய்முறை நூல் ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டியும் வீட்டுக்கிருத்தியமும் முடிந்து, பந்தியில் சாப்பிட்டு எழும்புகிறவர்களுக்கு ஒரு புத்தகம் கொடுப்பார்கள். கல்வெட்டு என்பது பழைய வழக்கு, நினைவு மலர் என்பது இப்போதைய பெயர். முன்பக்கத்தில் படம், பிறகு திதி வெண்பா, வாழ்க்கைக் குறிப்பு, தேவார திருவாசகம், கடைசியில் நன்றி நவிலல். காலப்போக்கில் இதற்கு நடுவில் ஒரு புதிய பகுதி நுழைந்துகொண்டது. மூலிகைகளும் பயன்களும், நீரிழிவுக்காரர் உணவு அட்டவணை, காய்ச்சல் கஞ்சி, வீட்டுத்தோட்டம், நற்சிந்தனைகள். இறந்தவரின் நினைவாக ஏதாவது பயனுள்ளது போடவேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அச்சகத்தில் ஏற்கெனவே கோத்து வைத்ததில் ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. எழுதியவர் பெயர் இல்லை, விலை இல்லை, விமர்சனம் வருவதில்லை. இப்படியொரு நூல்வகை வேறெங்கும் இந்த அளவில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வேலணையில் ஒரு குசினியில் பார்த்த பிரதியைச் சொல்கிறேன். மூலையில் ஓட்டை போட்டுச் சணல் கட்டி, வாக்கிய பஞ்சாங்கத்தோடு ஒரே ஆணியில் தொங்கியது. முன்பக்கப் படம் கழன்று சாமியறைக்குப் போய்விட்டது. தேவாரப் பக்கங்கள் வெள்ளையாக இருந்தன. கஞ்சிப் பக்கத்தில் மஞ்சள் விரல் அடையாளம். ஓமத்தண்ணீருக்கு எதிரே பென்சிலால் 'சின்னவனுக்கு ஒத்துவரேல்லை' என்று எழுதி, அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் 'கொஞ்சமாக் குடுத்தால் சரி' என்று பதில். இரண்டு வரிகளுக்கும் இடையில் எத்தனை வருடம் கழிந்ததோ. வெற்றிக்கும் ஆங்கிலத்துக்கும் விலைகொடுத்து வாங்கிய புத்தகங்கள் அலுமாரியில் கிடக்க, சும்மா கிடைத்த இது ஆணியில் ஏறியிருந்தது. காரணம் புத்தகத்தின் தரம் அல்ல. அதில் சொன்ன மூலிகைகளில் சிலவற்றைப் பற்றி எனக்குச் சந்தேகமே உண்டு. இறந்தவர் தெரிந்தவர் என்பதுதான் காரணம். 'பரிமளக்கா வீட்டுப் புத்தகம்' என்கிற மாதிரி ஆளின் பெயரால்தான் அதைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட ஒரு பெயர் இருந்தால் நூல் தனியே நிற்பதில்லை.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இந்த மலர்களையும் மின்வருடிச் சேர்த்து வைத்திருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த சமூகத்துக்கு எந்தத் தாளும் சின்னது அல்ல என்று அவர்கள் நினைப்பது சரி. ஆனால் மின்வருடப்படுவது பெரும்பாலும் நல்ல நிலையில் உள்ள பிரதி. மஞ்சள் கறைபட்டு, பென்சில் விழுந்த பிரதியை யாராவது தேடிச் சேர்க்கவேண்டும். அந்த நூலின் மிகுதிப் பாதி அதில்தான் இருக்கிறது.

வழிகாட்டாத அபுனைவுக்கு வந்தால் எதிர்பார்ப்பு இன்னும் கூர்மையாகிறது. ஊர் வரலாற்று மலர் ஒன்று கையில் கிடைத்ததும் தீவான் முதலில் செய்வது தன் வட்டாரத்தைத் தேடுவது, பிறகு தன் குடும்பப் பெயரை, பிறகு தன் கோயிலை. மூன்றும் இருந்தால் நல்ல நூல். ஒன்று இல்லாவிட்டால் ஆசிரியர் பக்கச்சார்பானவர். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் விமர்சனம் இங்கேதான் தொடங்குகிறது. மயில்வாகனப் புலவர் ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் கேள்விக்கு விடையாக 18ஆம் நூற்றாண்டில் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையை, 1928இல் சுவாமி ஞானப்பிரகாசர் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' என்று ஒரு முழு நூலாகவே எழுதிக் கேள்வி கேட்டார். வரலாறு என்று வாங்கினால் வரலாறு இருக்கவேண்டும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. நமது ஊர் மலர்கள் அந்தச் சோதனைக்கு இன்னும் தயாரில்லை. யாருக்குக் கோயில் வாசல் மூடியிருந்தது, யாருக்குக் கிணறு மூடியிருந்தது என்று அவற்றில் இருப்பதில்லை.

ஒரு விதிவிலக்கு குமுதினி. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து ஏறியவர்கள் முப்பதுக்கும் மேற்பட்ட பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அதைப் பற்றி எழுதியவற்றில் ஊர்ச்சனம் வைத்திருக்கும் பக்கம் உணர்ச்சி பொங்கும் கட்டுரை அல்ல. பெயர், வயது, வட்டாரம் என்று மூன்று நிரல் உள்ள பட்டியல். அபுனைவிடம் ஒரு வாசகர் கேட்கக்கூடிய ஆகக்குறைந்ததும் ஆகக்கூடியதும் அதுதான். பட்டியலில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால் அதைத் திருத்தச் சொல்லி ஆள் வரும்.

இதுவரை வாசகர் நூலிடம் எதிர்பார்ப்பதைப் பற்றியே எழுதிவிட்டேன். மறுபக்கமும் ஒன்று உண்டு. புங்குடுதீவு மு. தளையசிங்கம் (1935–1973) 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி'யை எழுதியபோது அவருக்குக் கிடைத்த வாசகர்கள் இலக்கிய விமர்சனத்தை எதிர்பார்த்தவர்கள். 'போர்ப்பறை'க்கு வந்தபோது அவர் வேறொன்றைக் கேட்கத் தொடங்கியிருந்தார். கருத்தை ஒப்புக்கொண்டால் அதன்படி நடக்கவும் வேண்டும் என்ற எழுத்து அது. 1971இல் கண்ணகி அம்மன் கோயில் பக்கத்து நன்னீர்க் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தண்ணீர் அள்ள உரிமை கேட்டு அவர் சத்தியாக்கிரகம் இருந்தார், பொலிசாரால் தாக்கப்பட்டார், இரண்டு வருடத்தில் போய்விட்டார். உப்புத் தண்ணீர் சூழ்ந்த தீவில் நன்னீர்க் கிணறு என்றால் என்ன என்பதை அங்கே வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அவர் மறைந்தபின் 'மெய்யுள்' வந்தது. சென்னையிலும் நாகர்கோவிலிலும் அவரை ஊன்றி வாசித்தார்கள், கூட்டங்கள் வைத்தார்கள். நான் இருந்த கூட்டங்களில் வழமையாக எழும் கேள்வி, மெய்யுள் என்பது நாவலா, கட்டுரையா, அவருடைய கலைச்சொற்கள் தெளிவாக இருக்கின்றனவா என்பது. எதிர்பார்த்த அளவு விளங்கவில்லை என்று குறைப்பட்டவர்களும் உண்டு. கிணற்றைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் கடைசியில், தேநீர் வந்த பிறகு, யாராவது ஒரு தீவான் எழும்பிக் கேட்டால்தான் வரும். அப்போது பாதிப்பேர் எழுந்து வெளியே போயிருப்பார்கள்.